காட்டுக்குள் மூன்றரைக் கிலோமீட்டர்: ஒரு சாலை ஒப்பந்ததாரரின் நட்டக் கணக்கு

புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் ஒரு பழங்குடி ஊருக்குச் செல்லும் மூன்றரைக் கிலோமீட்டர் சாலையைச் சீரமைக்கும் வேலையை எடுத்தபோது, 7 மாதத்தில் முடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். முடிக்க 26 மாதங்கள் ஆயின. 94 லட்சம் ரூபாய் வேலையில் கைநட்டம் 18 லட்சத்துக்குச் சற்று மேல், வட்டி தனி. பதினோரு ஆண்டுகளாக ஊரகச் சாலைகள் போட்டுவந்தவன் என்பதால் எனக்குத் தெரியாத சாலை வேலை இருக்காது என்ற நினைப்பு இருந்தது. அந்த நினைப்புக்குக் கொடுத்த விலைதான் இது. இப்படிப்பட்ட வேலையை எடுத்த யாரையாவது தேடிப் பேசியிருந்தால் பாதி நட்டத்தைத் தவிர்த்திருக்கலாம் என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஒப்பந்தப்புள்ளி போடும் முன் நான் செய்த முதல் தவறு, சாலையைக் காரில் போய்ப் பார்த்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். நில எடுப்புச் சிக்கல் இல்லை, கடை இல்லை, வீடு இல்லை, போக்குவரத்து நெரிசல் இல்லை, குழாய் உடைந்ததென்று சண்டைக்கு வர ஆள் இல்லை என்று மகிழ்ந்து, மதிப்பீட்டிலிருந்து ஆறு விழுக்காடு குறைத்துப் போட்டேன். மதிப்பீடோ மாவட்டம் முழுமைக்கும் பொதுவான விலைப்பட்டியலை வைத்து எழுதப்பட்டது. குவாரியிலிருந்து ஜல்லி வரும் தூரம் அதில் இருந்தது. சோதனைச் சாவடியில் வண்டி நிற்கும் நேரம் இல்லை. ஆட்களின் கூலி இருந்தது. காட்டுக்குள் கொட்டகை போட்டுத் தங்க முடியாது, தினமும் காலையில் ஏற்றிச்சென்று மாலையில் இறக்கிவிட வேண்டும் என்ற செலவு இல்லை. வெளியில் ஒன்பது மணி நேரம் கிடைக்கும் ஒரு நாள் வேலை, அங்கே அனுமதி நேரத்துக்கும் பயணத்துக்கும் போக ஆறு மணி நேரமாகச் சுருங்கிவிடும். ஆட்களை ஏற்றி இறக்கிய வகையில் மட்டும் 2.9 லட்சம் போனது. ஆகவே காப்பகத்துக்குள் வேலை எடுப்பவர்கள் விலை போடும் முன் ஒரு நாள் முழுக்க அந்தச் சாலையில் நடந்தாக வேண்டும். தனியாக அல்ல, வனத்துறையின் களப்பணியாளர் ஒருவரோடும் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரோடும். எந்த இடத்தில் யானை கடக்கும், எந்த ஓடை எவ்வளவு உயரத்துக்கு வரும் என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்காது.

முதல் நாளே சோதனைச் சாவடியில் நான்கு டிப்பர் கிராவல் நின்றுவிட்டது. அனுமதிக் கடிதம் என்னிடம் இருந்தது. ஆனால் அதில் வண்டி எண்கள் இல்லை, ஓட்டுநர் பெயர்கள் இல்லை. அதைச் சரிசெய்து வருவதற்குள் வனச்சரகர் வந்து கிராவலைக் கையில் அள்ளிப் பார்த்து, எந்த இடத்து மண் என்று கேட்டார். ஏரிக்கரையோரத்து மண் என்றேன். அந்தக் குவியலில் பார்த்தீனியச் செடியின் வேரும் காய்ந்த பூவும் கலந்திருந்ததை அப்போதுதான் நானே கவனித்தேன். காட்டுச் சாலைகளின் இரு மருங்கிலும் உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் அடர்ந்து நிற்பதற்கு, வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டும் மண்ணும் ஒரு காரணம் என்றும், விதை பரவிவிட்டால் மானுக்கும் காட்டெருதுக்கும் மேய்ச்சல் புல் இல்லாமல் போகும் என்றும் பொறுமையாகச் சொன்னார். நான்கு வண்டியும் திரும்பின. பக்கத்திலேயே காட்டு மண்ணை எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை, என்னைப் பார்த்த பார்வையே போதுமானதாக இருந்தது. மேல்மண்ணை நீக்கிவிட்டு ஆழத்திலிருந்து எடுத்த கிராவலோ குவாரித் தூளோதான் இந்த வேலைக்குச் சரி. மண் எடுக்கும் இடத்தை வேலை தொடங்கும் முன்பே வனச்சரகருக்குக் காட்டி எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரிய அடி பிப்ரவரியில் விழுந்தது. மதிப்பீட்டில் சாலையின் அகலம் 3.75 மீட்டர், இது ஒற்றைத் தடச் சாலைக்கு வழக்கமான அளவு. வனத்துறைப் பதிவேட்டில் அதே சாலைக்கு 3 மீட்டர். ஜேசிபி ஓரத்தை வெட்டத் தொடங்கிய மூன்றாம் நாள் வேலையை நிறுத்தச் சொன்னார்கள். முக்கால் மீட்டர்தானே என்று எனக்குக் கோபம். ஆனால் மூன்றரைக் கிலோமீட்டருக்கு அந்த முக்கால் மீட்டரைப் பெருக்கினால் 2,625 சதுர மீட்டர், அதாவது கால் ஹெக்டேருக்கு மேல் காட்டு நிலம். வனப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 1980 அக்டோபர் 25. அதற்கு முன்பே சாலை இருந்ததா, இருந்தால் எவ்வளவு அகலத்தில் இருந்தது என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். பழைய சாலையை இருந்த அகலத்திலேயே பராமரிப்பது ஒரு வேலை, ஒரு முழம் அகலப்படுத்தினாலும் அது வேறு வேலை. பின்னதற்கு வன நிலத்தை வேறு பயனுக்கு மாற்றும் அனுமதி வேண்டும். புலிகள் காப்பகம் என்றால் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் கருத்தோடு தேசிய வனவுயிர் வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும்.

ஒருவர் எனக்கு ஒரு குறுக்குவழி சொன்னார். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவின்படி, பள்ளி, அங்கன்வாடி, குடிநீர், சாலை முதலான 13 வகை வசதிகளுக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைக் கிராம சபையின் பரிந்துரையோடு பயன்படுத்தலாம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது. உண்மைதான், நல்ல பிரிவுதான். ஊர்த் தலைவரான மூப்பனைப் பார்த்துக் கிராம சபைத் தீர்மானமும் வாங்கினேன். அதில் ஒன்றரை மாதம் ஓடியது. பிறகுதான் ஒரு வழக்கறிஞர் சொல்லித் தெரிந்தது: அந்தப் பிரிவு வனப் பாதுகாப்புச் சட்டத்தை மட்டுமே விலக்கி வைக்கிறது, 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் அப்படியே நிற்கிறது. சாதாரணக் காப்புக்காட்டில் உதவும் வழி, காப்பகத்துக்குள் பாதி வழியில் முடிந்துவிடுகிறது.

இந்த நான்கரை மாதமும் ரோலரையும் ஜேசிபியையும் திருப்பி அனுப்பாமல் வாடகைக்கு வைத்திருந்தேன். அடுத்த வாரம் உத்தரவு வந்துவிடும் என்று ஒவ்வொரு வாரமும் அலுவலகத்தில் சொன்னார்கள், நானும் ஒவ்வொரு வாரமும் நம்பினேன். அதில் போனது 5.2 லட்சம். இரவில் தூக்கம் வராமல் மொட்டை மாடியில் உட்கார்ந்திருப்பேன். வீட்டில் யாரிடமும் தொகையைச் சொல்லவில்லை. கடைசியில் தீர்வு மிக எளிமையானதாக வந்தது. அகலப்படுத்தும் எண்ணத்தையே கைவிட்டு 3 மீட்டரில் சாலையை முடிப்பது, எதிரெதிரே வண்டிகள் வந்தால் ஒதுங்கி நிற்க, ஏற்கெனவே மரமில்லாமல் திறந்து கிடந்த ஆறு இடங்களைப் பயன்படுத்துவது. ஒரு நாளைக்கு ஒரு பேருந்தும் சில ஜீப்புகளும் போகும் சாலைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? முதல் நாளே நாடாவைப் பிடித்துச் சாலையை அளந்து, வனத்துறைப் பதிவேட்டோடு ஒப்பிட்டிருந்தால் அன்றைக்கே எடுத்திருக்கக்கூடிய முடிவு இது. வேலை ஆணையில் கையெழுத்துப் போடும் முன் அகலம், நீளம், சாலையின் வயது மூன்றையும் இரு துறைகளின் தாள்களிலும் பார்த்துவிடுங்கள்.

ஜூலையில் வேலை மீண்டும் தொடங்கியது. வடிகாலை முதலில் வெட்டினோம், வழக்கம்போல் செங்குத்தான சுவர்களோடு, முக்கால் மீட்டர் ஆழத்துக்கு. ஒரு காலை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அதற்குள் கடமான் குட்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. பக்கவாட்டில் முட்டி முட்டி அதன் மூக்கில் தோல் உரிந்திருந்தது, குளம்புக் கீறல்கள் மண்சுவர் முழுக்க இருந்தன. தாய் சற்றுத் தள்ளிப் புதருக்குள் நின்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தது. வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் இறங்கி, சாக்கை அதன் கண்மேல் போட்டு, இரண்டு கையாலும் தூக்கி மேலே விட்டார். அன்றே எழுத்தில் உத்தரவு வந்தது: வடிகால் தட்டுப்போல் அகலமாகவும் ஆழம் குறைவாகவும், எந்த விலங்கும் நடந்து ஏறிவிடக்கூடிய சரிவோடும் இருக்க வேண்டும். திருத்தி வெட்ட 1.6 லட்சம் ஆனது. தடுப்புச் சுவருக்கும் இதே நியாயம்தான். நீண்ட சுவரை இடைவெளி இல்லாமல் கட்டினால் யானைக் கூட்டம் குட்டியோடு கடக்க வழியில்லாமல் சாலையிலேயே மேலும் கீழும் நடக்கும், அந்த நேரத்தில் வரும் வண்டிக்குத்தான் ஆபத்து.

தண்ணீரைப் பற்றி மூப்பன் சொன்னதை நான் கேட்கவில்லை. இரண்டாவது குழாய்ப்பாலத்தின் அருகே ஒரு மருத மரத்தைக் காட்டினார். அதன் அடித்தண்டில் இடுப்பளவு உயரத்தில் சருகும் சுள்ளியும் வளையமாக ஒட்டியிருந்தன, அதற்கும் மேலே யானை உரசிய சேறு. “தண்ணி இந்த மட்டத்துக்கு வரும் தம்பி, உன் குழாயில மரக்கட்டையெல்லாம் போகுமா?” என்று கேட்டார். மதிப்பீட்டில் குழாய்தான் இருக்கிறது ஐயா, நான் என்ன செய்ய முடியும் என்றேன். நவம்பரில் ஒரே இரவில் பெய்த மழையில் அடித்துவந்த கட்டையும் மூங்கிலும் குழாயின் வாயை அடைத்தன, தேங்கிய தண்ணீர் சாலைமேல் ஏறி எழுபது மீட்டரை வழித்துக்கொண்டு போய்விட்டது. ஜல்லிப் படுகை, கிராவல், குழாய் எல்லாம் சேர்த்து 4.8 லட்சம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் காட்டுச் சாலையின் ஆயுளைத் தாரோ சிமென்ட்டோ தீர்மானிப்பதில்லை, தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. நாட்டுப்புற ஓடையில் தண்ணீர் மட்டும் வரும், காட்டு ஓடையில் மரமும் கல்லும் சேர்ந்து வரும். ஆகவே சிறு குழாய்களைவிடத் தாம்போதிதான் பொருந்தும். சாலையையே ஓடை மட்டத்துக்குத் தாழ்த்தி, கான்கிரீட் தளம் போட்டு, வெள்ளம் மேலே வழிந்து போக விட்டுவிட வேண்டும். ஆண்டில் சில நாள் சில மணி நேரம் போக்குவரத்து நிற்கும், ஆனால் சாலை அங்கேயே இருக்கும். விலங்குகளும் ஓடைவழியே தடையில்லாமல் போகும். பாலம்தான் வேண்டுமென்றால் பெட்டிப் பாலமாகக் கட்டி, தரையை மண்ணாகவே விட்டு, ஓரத்தில் நனையாத மேடு ஒன்றை வைத்தால் சிறு விலங்குகள் அதன் வழியே கடக்கும். பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் வழியே செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் மகாராஷ்டிரப் பகுதியில் விலங்குகள் கடப்பதற்கென்றே 9 கட்டமைப்புகள் உண்டு, மிக நீண்டது 750 மீட்டர். புலிகள் அவற்றின் கீழே நடந்துபோவது தானியங்கிக் கேமராக்களில் பதிவாகியிருக்கிறது. நம் சிற்றூர்ச் சாலைக்கு அவ்வளவு பணம் வராது, ஆனால் எங்கே கடக்கின்றன என்று பார்த்துவிட்டுக் கட்டு என்ற அடிப்படை இரண்டுக்கும் ஒன்றுதான். வடிகால் தண்ணீரையும் ஒரே இடத்தில் சேர்த்துவிடாமல், சரிவான இடங்களில் அடிக்கடி பக்கவாட்டில் வெட்டிவிட்டுக் காட்டுக்குள் பரவவிட வேண்டும். பெர்ம் என்று நாங்கள் சொல்லும் மண் ஓரம் சாலையைவிட உயர்ந்துவிட்டால் தண்ணீர் சாலையிலேயே ஓடும், ஆகவே அதை ஆண்டுக்கொரு முறை சீவிவிட வேண்டும். சீவிய மண்ணைச் சரிவில் தள்ளக்கூடாது.

அதே மழையில் ஒரு வேங்கை மரம் சாலைக்குக் குறுக்கே விழுந்தது. அறுத்து ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்று என் ஆட்கள் வாளோடு நின்றார்கள். தேசியப் பூங்காக்களிலிருந்தும் சரணாலயங்களிலிருந்தும் காய்ந்த மரத்தையோ காற்றில் விழுந்த மரத்தையோ புல்லையோகூட அகற்றக்கூடாது என்று 2000 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு இருக்கிறது என்று வனவர் தடுத்தார். வனத்துறை ஆட்களே வந்து சாலையை மறித்த பகுதியை மட்டும் அறுத்து ஓரத்தில் உருட்டிவிட்டார்கள். ஒரு நாள் போனது, ஆனால் ஆத்திரத்தில் நான் அந்த மரத்தை ஏற்றியிருந்தால் வண்டியே போயிருக்கும்.

இரண்டாம் ஆண்டு பிப்ரவரியில் தார் வேலைக்கு வந்தோம். ஓரத்தில் மூன்று கல்லை வைத்து, விறகு மூட்டி, டிரம்மில் தார் உருக்குவது எங்கள் ஆட்களுக்குக் கைப்பழக்கம். காய்ந்த புல்லுக்கு நடுவே அடுப்பு மூட்டிய பத்தாவது நிமிடம் வனவர் இரண்டு குடம் தண்ணீரோடு வந்து அணைத்தார். வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி காட்டுக்கு ஆபத்தாகும் விதத்தில் உள்ளே தீ மூட்டுவது குற்றம். 32ஆம் பிரிவு வெடிமருந்தையும் தடுக்கிறது என்பதால் பாறை உடைக்க வெடி வைக்கவும் முடியாது. ஆட்கள் தேநீர் போடுவதற்கும் இதுவே விதி. வழக்குப் போடாமல் எச்சரிக்கையோடு விட்டது அவருடைய பெருந்தன்மை. அதன்பின் அறுபது கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆலையிலிருந்து தார்க்கலவையைச் சூடாகக் கொண்டுவந்தேன். ஒரு வண்டி பழுதாகி வேறு வண்டியில் ஏற்றியதால் எண் மாறிவிட்டது, சாவடியில் இரண்டு மணி நேரம் நின்றது. உள்ளே வந்து டிப்பரைத் தூக்கினால் கலவை இறங்கவில்லை, வெளிப்புறம் முழுக்க ஓடு கட்டியிருந்தது. நான்கு பேர் கடப்பாரையால் குத்திக் குத்தி எடுத்துச் சாவடிக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினோம். மாற்று வண்டியின் எண்ணையும் அனுமதியில் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பின் ஏற்றமான ஒரு கிலோமீட்டரைக் கான்கிரீட்டாக மாற்றக் கேட்டு அனுமதி வாங்கினேன். தார்க்கலவையின் கூடுதல் போக்குவரத்தும், கான்கிரீட்டுக்கு மாறியதில் கிடைக்காத விலை வேறுபாடும் சேர்ந்து 3.1 லட்சம். கான்கிரீட்டுக்கு நனைக்கத் தண்ணீர் வேண்டும், கோடையில் ஓடைக்குழியில் மோட்டார் போட்டால் விலங்குகள் குடிக்க மிஞ்சாது என்பதால் டேங்கரில் கொண்டுவந்தோம். ஒரு நாள் அவசரத்தில் மாலை நான்கு மணிவரை தளம் போட்டுவிட்டு வெளியே வந்தோம். இரவுக்காவலுக்கு யாரும் உள்ளே தங்க முடியாது. மறுநாள் காலை பதினோரு மீட்டர் நீளத்துக்கு முறத்தின் அகலத்தில் வட்ட வட்டமாகக் குழிகள், அவற்றின் நடுவே சிறிய வட்டங்கள். யானை குட்டியோடு நடந்திருக்கிறது. 45,000 ரூபாய் என்று மனம் கணக்குப் போட்டாலும், கொத்தனார் முதல் சித்தாள் வரை அத்தனை பேரும் சுற்றி நின்று பார்த்தோம், நானும் செல்பேசியில் படம் எடுத்தேன். அன்றிலிருந்து நண்பகலுக்கு மேல் கான்கிரீட் போடுவதில்லை, யானைத்தடம் குறுக்கிடும் பகுதியைச் சிறு சிறு துண்டுகளாகவே போட்டோம்.

சாலை வழவழப்பானதும் வேறொரு கவலை வந்தது. குண்டும் குழியுமாக இருந்தவரை யாரும் இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. தார் போட்ட இரண்டாம் வாரம் ஒரு புள்ளிமான் அடிபட்டுக் கிடந்தது. மதிப்பீட்டில் வேகத்தடை ஒன்றுகூட இல்லை. பந்திப்பூரில் 2009 முதலும், சத்தியமங்கலத்தின் பண்ணாரி–திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரி 10 முதலும் இரவுப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தியபோது, சாலை போட்டு வயிறு வளர்ப்பவன் என்ற முறையில் நான் எரிச்சல்பட்டவன். அந்த மானைப் பார்த்தபின் அவ்வளவு எரிச்சல் இல்லை. ஆனாலும் பிரசவ வலியோடு ஜீப்பில் வரும் பெண்ணைச் சாவடியில் நிறுத்தாமல் அனுப்பும் ஏற்பாடு எழுத்தில் இருந்தாக வேண்டும் என்று மூப்பன் கேட்டது முழு நியாயம். வளைவுகளிலும் விலங்கு கடக்கும் இடங்களிலும் வேகத்தடையைத் திட்டமிடும்போதே சேர்க்கச் சொல்லுங்கள், பின்னால் சேர்த்தால் யாரும் பணம் தர மாட்டார்கள். ஓரப் புதரை வளைவுகளில் மட்டும் பார்வை தெரியும் அளவுக்கு வெட்டினால் போதும். நீளமாக வெட்டினால் அங்கே இளம்புல் தழைத்து, மான்கள் மேய்வதற்குச் சாலையோரமே வந்து நிற்கும். மேலே கிளைகள் கைகோத்து நிற்கும் இடங்களையும் விட்டுவிட வேண்டும், மலையணிலும் கருமந்தியும் கடப்பது அந்த வழியாகத்தான். வால்பாறையில் அப்படிக் கிளைகள் விட்டுப்போன இடங்களில் சிங்கவால் குரங்குகளுக்காகச் சாலைக்கு மேலே தொங்கு பாலம் கட்டியிருக்கிறார்கள்.

பில் போடும் நேரத்தில் தாமதத்துக்கு அபராதம் என்றார்கள். வேலையை நிறுத்தச் சொன்னவர்கள் பெரும்பாலும் வாய்மொழியாகவே சொல்லியிருந்தார்கள், என்னிடம் இருந்தது இரண்டே இரண்டு கடிதம். பழைய டைரி, சாவடிப் பதிவேட்டின் நகல், ஜேசிபி வாடகை ரசீது எல்லாவற்றையும் தேடிக் கோத்து, நான்கு மாதம் அலைந்து அபராதத்தைத் தள்ளுபடி செய்ய வைத்தேன். தடைப் பதிவேடு ஒன்றை முதல் நாளிலிருந்தே வைத்து, வேலை நின்ற ஒவ்வொரு நாளையும் காரணத்தோடு எழுதி, வாரம் ஒரு முறை உதவிப் பொறியாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். காலநீட்டிப்பை ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே கேளுங்கள், முடிந்தபின் கேட்டால் பிச்சைதான்.

ஒப்பந்தப்படி ஐந்தாண்டுப் பராமரிப்பும் என் பொறுப்பு என்பதால் இன்னமும் போய்க்கொண்டிருக்கிறேன். ஆண்டுதோறும் செப்டம்பர் கடைசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஊர்க்காரர்கள் எட்டுப் பேருக்குக் கூலி கொடுத்து வாய்க்கால்களையும் பாலங்களின் வாயையும் சுத்தம் செய்கிறோம், வெளியாட்களை அழைத்துப்போவதில்லை. அடித்துக்கொண்டு போன இடத்தில் இப்போது தாம்போதி இருக்கிறது. சென்ற மழையில் அதன்மேல் முழங்காலளவு தண்ணீர் ஓடியதாம். மூப்பன் செல்பேசியில் அழைத்து, கல் ஒன்றுகூட நகரவில்லை, ஆனால் வடிகாலின் மூன்றாவது வெட்டில் மூங்கில் அடைத்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து எடுத்துவிடு தம்பி என்றார். சனிக்கிழமையே போய் எடுத்தேன்.